அறுபத்தோராம் எண் வீட்டின் இடப் பாதி

அர்டீலியா, மேற்கு வர்ஜீனியா
9 மார்ச் 1958

அன்புத் தம்பி ஹோபர்ட்டுக்கு,

அக்கா வெர்ஸி எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? ஒலீட்டாவும் பிள்ளைகளும் டெட்ராய்ட் குளிரைத் தாங்கினார்களா? கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டாய், அதற்கப்புறம் மூச்சே இல்லை. கார் தொழிற்சாலையில் கையைக் கட்டி வைத்திருக்கிறார்களா என்ன?

இங்கே ஜனவரியில் கரி ஏற்றும் கோபுரத்தை அறுத்துப் பழைய இரும்புக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். சுரங்க வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. அடுத்து வீடுகள். ப்ரூயிட் என்று ஒருவன் ஜில்லாத் தலைநகரிலிருந்து லாரியோடு வருகிறான். காலி வீடுகளை வாங்கிப் பிரித்துப் பலகையை விற்பது அவன் பிழைப்பு. முந்நூறு வீட்டில் முன்பே மற்றவர்கள் பிரித்ததும் இவன் பிரித்ததும் போகப் பதினொன்றுதான் மிச்சம், அதில் புகை வருவது நாலு அடுப்பில். போன செவ்வாய்க்கிழமை நம் வாசற்படியிலும் வந்து நின்றான்.

"இந்தப் பலகைக்கு இப்ப நல்ல கிராக்கிம்மா. பேசாம குடுத்துட்டு, ஏதாவது ஊர்ப்பக்கம் போய் நிம்மதியா இருங்க" என்றான்.

"இதுதான்யா என் ஊரு. நீ எந்த ஊர்ப்பக்கம் போகச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த பாத்திரம் கழுவிய தண்ணீரைப் படியில் கொட்டினேன். அவன் செருப்பு நனைந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மூன்று வருஷம் முன்னால் கம்பெனி இந்த வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றபோது, வலப் பாதியை நானும் இடப் பாதியை நீயும் வாங்கினோமே, பத்திரம் எழுதிய குமாஸ்தா, "ஒரே கூரைக்கு ரெண்டு பத்திரமா?" என்று தலையைச் சொறிந்தானே, அது நல்லதாகப் போயிற்று. ஒரே வீடு, இரண்டு கையெழுத்து. நீ போடாமல் இருந்தால் அவன் ஒரு ஆணியைக்கூடத் தொட முடியாது.

உன் பக்கத்துச் சமையலறைச் சன்னல் கண்ணாடி உடைந்தது. அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் அடுப்பிலும் நெருப்பு மூட்டுகிறேன், பலகையில் ஈரம் ஏறக் கூடாது. என் பாதிக்கு மஞ்சள் அடித்தபோது சிரித்தாயே, வா, வந்து உன் பாதியின் கம்பெனிச் சாம்பல் நிறத்தைப் பார்த்துச் சிரி.

பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு அக்கா
வெர்ஸி, 61ஆம் எண் வீடு, வலப் பாதி


டெட்ராய்ட்
30 மார்ச் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

ஹோபர்ட் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். இருமல் இருக்கிறது, ஆனால் என்னைவிட்டுப் பிரிய மனசில்லாமல்தான் இருக்கிறது. உன் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய்க்கிறாயா இல்லையா?

வேலை பலம்தான். ஒரு நிமிஷத்துக்கு ஒரு கார்க் கதவு. மாட்டி மாட்டி, கனவில்கூடக் கதவு மாட்டுகிறேன். பக்கத்தில் நிற்பவன் அலபாமாக்காரன், என் பேச்சைக் கேட்டு, "மலைக்காரா, நீங்க செருப்புப் போடுவீங்களா?" என்று கேட்டான். "போடுவோம், அடிக்கிறதுக்கு" என்றேன். அன்றிலிருந்து சிநேகிதன்.

ப்ரூயிட்டின் செருப்பை நனைத்தது போதாது, தொப்பியையும் நனைத்திருக்க வேண்டும். இரண்டு வேலைநிறுத்தத்தில் கம்பெனியின் துப்பாக்கிக்காரர்களே நம்மை அந்த வாசற்படியிலிருந்து இறக்க முடியவில்லை, இந்தப் பலகை வியாபாரி எம்மாத்திரம்? ஒரு ஆணி கொடுக்காதே அக்கா.

ஜூலையில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கு நிச்சயம் வருவேன். பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து வை. இங்கே விற்கும் சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறார்கள், பாவிகள்.

இப்படிக்கு உன் தம்பி
ஹோபர்ட், இடப் பாதிக்காரன்


அர்டீலியா
4 மே 1958

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது, சிரித்தேன், முழங்காலுக்கும் தைலம் தேய்த்தேன். ஒலீட்டா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? அவளுக்குச் சுகமில்லையா?

பத்து நாளுக்கு முன் தபால் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். கடிதம் வாங்க ஏழு மைல் போக வேண்டும். தபால்காரர், "அர்டீலியான்னு ஒரு ஊரே இனிமே இல்லம்மா, விலாசத்த மாத்திக்கோங்க" என்றார். எனக்கு எப்படி இருக்கும் சொல்! நமக்கு முதலாளியாக இருந்த புண்ணியவான் ஊருக்குத் தன் மகள் பெயரை வைத்தான். அந்த அர்டீலியா ஒரே ஒரு தடவை ரயிலில் வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, நாம் பாடிய வரவேற்புப் பாட்டு முடிவதற்குள் ஏறிப் போனாள். ஊருக்குப் பெயர் கொடுத்தவள் ஊரில் இருந்தது கால் மணி நேரம். நான் இருப்பது நாற்பத்தேழு வருஷம். நியாயமாகப் பார்த்தால் ஊருக்கு வெர்ஸி என்றுதான் பெயர் இருக்க வேண்டும்.

அப்பா என்னைக் கோவேறு கழுதை மேல் உட்கார வைத்து இங்கே கூட்டி வந்தபோது ஓடையும் கூடாரங்களும்தான். நாலே வருஷத்தில் முந்நூறு வீடு, சினிமாக் கொட்டகை, பேஸ்பால் மைதானம், சனிக்கிழமையானால் கம்பெனிக் கடை வாசலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அதெல்லாம் கம்பெனி கொடுத்தது என்கிறார்கள். கம்பெனி ஒரு கூடை கரிகூட வெட்டவில்லை. நாம் வெட்டினோம். அப்புறம் இருபது ஆள் வேலையை ஒரே இயந்திரம் செய்ய ஆரம்பித்ததும், நம்மைப் பழைய துடைப்பம் மாதிரி மூலையில் வைத்துவிட்டது. வைத்தால்? துடைப்பம் எழுந்து நிற்காதா?

ஒரு விஷயம். ப்ரூயிட் மறுபடி வந்தான். இந்தத் தடவை என்னிடம் வரவில்லை. உன் பக்கத்துத் தாழ்வாரத்தில் நின்று அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான். என்னய்யா இது என்று அதட்டினேன். "உங்க தம்பிகிட்ட கேளுங்கம்மா" என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் தம்பிய பத்தி உனக்கு என்னடா தெரியும்?" என்று துடைப்பத்தை எடுத்தேன், ஓடிவிட்டான். ஊரெல்லாம் இப்படிப் புளுகித்தான் கையெழுத்து வாங்குகிறான் போல. நீ ஒரு வரி எழுது, அவன் மூஞ்சியில் நீட்டுகிறேன்.

இப்படிக்கு அக்கா
வெர்ஸி, வலப் பாதி


அர்டீலியா
1 ஜூன் 1958

ஹோபர்ட்டுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதி நாலு வாரம் ஆகிறது. ஏழு மைல் நடந்து போய் நாலு தடவை வெறுங்கையோடு வந்தேன்.

நம் சுவர் ஒற்றைப் பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் சொல்லலாம். சுரங்கத்திலிருந்து ஆண்பிள்ளை வீடு வந்ததும், அந்த வீட்டுப் பொம்பளை அடுப்புக் கம்பியால் சுவரை இரண்டு தடவை தட்டுவாள், எங்கள் ஆள் வந்தாச்சு என்று. ஊர் முழுக்க அதுதானே வழக்கம்! மாலையானால் தெரு நீளத்துக்கும் டொக் டொக் என்று கேட்கும்.

டெல்மர் போன அன்றைக்கு நீயும் அவரும் ஒரே ஷிப்ட். உன் வாசல்கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் பூட்ஸ் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. தட்டவில்லை. ஒலீட்டா கம்பியைக் கையில் எடுத்ததும் நீ பிடுங்கிக் கீழே வைத்ததும்கூடக் கேட்டது. கூரை சரிந்ததென்று ஃபோர்மன் வந்து சொல்லும் முன்பே, என் புருஷன் இனி வரமாட்டார் என்று நீ தட்டாமல் இருந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினாலு வருஷம் ஆயிற்று. இப்போதும் நீ தட்டாமல் இருக்கிறாய். இப்போது என்ன சரிந்தது, சொல்லிவிடு.

வெர்ஸி, வலப் பாதி


டெட்ராய்ட்
15 ஜூன் 1958

அன்புள்ள அண்ணிக்கு,

ஒலீட்டா எழுதிக்கொள்வது. பிள்ளைகள் ராண்டலும் வில்மாவும் சுகம், அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் அதை எடுக்கவே இல்லை. துவைக்கும்போது நான்தான் எடுத்தேன்.

போன நவம்பரிலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அண்ணி. கதவு மாட்டுகிறேன் என்று எழுதியதெல்லாம் பொய். நான் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். ஏப்ரலில் வாடகை பாக்கியென்று வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் சாமானைத் தெருவில் வைத்த அன்றைக்கு அவர் ப்ரூயிட்டுக்குக் கடிதம் போட்டார். இடப் பாதியை விற்றுவிட்டார். பலகையையும் கூரையையும்தான். மண் இன்னும் அவர் பேரில் இருக்கிறது.

உங்களுக்குத் துரோகம் செய்ய நினைக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். "பாதி வீட்ட எவன்டி பிரிப்பான்? அக்கா கையெழுத்து இல்லாம அவன் என்ன செய்வான்? முழிக்கட்டும் முட்டாப்பய" என்றார். தான் அவனை ஏமாற்றியதாகத்தான் நினைத்தார். பாதியை மட்டும் அறுத்தெடுக்கிறேன் என்று அவன் மே மாதம் எழுதிய பிறகுதான் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து சன்னலோரம் உட்கார்ந்து இருமுகிறார்.

அவரை வெறுத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஒலீட்டா


அர்டீலியா
22 ஜூன் 1958

அன்புள்ள ஒலீட்டாவுக்கு,

சுகம். இதோடு உலர்ந்த ஆப்பிள் இரண்டு பொட்டலம், பிள்ளைகளுக்கு.

வெறுப்பா? அவன் கையில் கிடைத்தால் அடுப்புக் கம்பியாலேயே சாத்துவேன், அது வேறு. சாமான் தெருவில் நின்ற அன்றைக்கு எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமே! என் வீட்டில் இடமில்லையா, அவன் வீட்டில்தான் இடமில்லையா? ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்ல மட்டும் வாய் வராது.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே. அவன் வாயாலேயே கேட்க வேண்டும் எனக்கு. விற்றதைப் பொறுத்துக்கொள்வேன். மறைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ப்ரூயிட்டைப் பற்றிக் கவலைப்படாதே. வரட்டும், பார்க்கலாம்.

அண்ணி வெர்ஸி


டெட்ராய்ட்
6 ஜூலை 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. பூ வைக்கும் ஞாயிற்றுக்கு வர முடியாது போலிருக்கிறது, கார் பழுது. டெல்மருக்கும் அப்பா அம்மாவுக்கும் என் பங்குப் பூவையும் நீயே வைத்துவிடு.

இங்கே வெயில் கடுமை. அங்கே மழை உண்டா? கூரை ஒழுகுகிறதா?

யாராவது வந்து ஏதாவது செய்தால் குறுக்கே போய் நிற்காதே அக்கா. உனக்கு அடிபட்டால் என்னால் தாங்க முடியாது.

ஹோபர்ட்


அர்டீலியா
3 ஆகஸ்ட் 1958

ஹோபர்ட்டுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாயே, உன் பக்கம் இனி ஒழுகாது. கூரை இல்லை.

உன் போன கடிதத்தில் நீ "இடப் பாதிக்காரன்" என்று எழுதவில்லை. நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்தாயா?

செவ்வாய்க்கிழமை காலை ப்ரூயிட் மூன்று ஆட்களோடும், இரண்டு பேர் பிடிக்கும் பெரிய ரம்பத்தோடும் வந்தான். உன் கையெழுத்தைக் காட்டினான். உன் கையெழுத்துத்தான். அந்த "ஹோ"வை எனக்குத் தெரியாதா, எழுதப் பழக்கியவளே நான்தானே! சரி, உன் பாதியை எடுத்துக்கொள் என்றேன். உடனே நடுச்சுவரும் வேண்டுமாம்.

"நடுச்சுவர்ல பாதி எனக்குச் சேர்ந்ததும்மா."

"ரொம்ப சரி. சுவரு ஒரு அங்குலம். அரை அங்குலம் உன்னுது, அரை அங்குலம் என்னுது. உன் அரை அங்குலத்த உரிச்சு எடுத்துக்கோ. என் அரை அங்குலத்துல ஒரு கீறல் விழட்டும், ஜில்லா கோர்ட்டுல உன்ன நிறுத்தாம விடமாட்டேன்."

"என்னம்மா விளையாடுறீங்களா?"

"நானா விளையாடுறேன்? வீட்ட ரொட்டி மாதிரி அறுக்க வந்தவன் நீயா, நானா?"

ஆட்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் நம் மூன்றாம் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுத்த ஆர்வில். கம்பெனி போனபின் பாவம் இந்தப் பிழைப்புக்கு வந்திருக்கிறார். அவர் ரம்பத்தைக் கீழே போட்டார். "மொதலாளி, நான் முப்பது வருஷம் கூரைக்கு அடியில நின்னவன். இந்தச் சுவர எடுத்தா அந்தம்மா தலையில கூரை எறங்கும். ஒரு தடவ அவங்களுக்குக் கூரை எறங்குனது போதும். நான் தொடமாட்டேன்" என்றார். மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ப்ரூயிட் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கடைசியில் சுவரை விட்டான். வேலை தொடங்கும் முன்னால் ஆர்வில் என் பக்கத்து உத்தரத்துக்குச் சுரங்கத்தில் வைப்பதுபோல மூன்று முட்டு வைத்து ஆப்பு அடித்தார். மலையே உட்கார்ந்தாலும் தாங்கும் என்றார்.

அப்புறம் அறுத்தார்கள். நான் நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார்ந்து கடைசிப் பலகை வரை பார்த்தேன். அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான், எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது உன் சமையலறைச் சுவர் தெருவைப் பார்த்து நிற்கிறது. ஒலீட்டா மாவுப் பசை காய்ச்சி ஒட்டிய செய்தித்தாள்கள் அப்படியே இருக்கின்றன. ராண்டலும் வில்மாவும் வளர்ந்த உயரத்துக்கு நீ போட்ட பென்சில் கோடுகள் இருக்கின்றன. அடுப்பிருந்த இடத்தில் கம்பி தட்டித் தட்டிக் குழிந்த பள்ளம் இருக்கிறது. என் பக்கத்துப் பள்ளமும் அதே இடத்தில்தான். இன்னும் கொஞ்ச வருஷம் தட்டியிருந்தால் இரண்டு பள்ளமும் சந்தித்திருக்கும்.

கார்க்காரர்கள் நின்று பாதி வீட்டை வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். நன்றாக எடு, எழுபது எண்பது வீட்டுப் பலகையைக் கொண்டுபோனவனால் என் அரை அங்குலத்தைக் கொண்டுபோக முடியவில்லை என்று அடியில் எழுது என்றேன். இந்த வாரம் அந்தச் சுவருக்கும் மஞ்சள் அடிக்கப் போகிறேன். பென்சில் கோட்டையும் பள்ளத்தையும் விட்டுவிட்டு அடிப்பேன்.

பாதி வீட்டை எவன் அறுப்பான் என்று நீ நினைத்தாய். எனக்குத் தெரியும், யார் சொன்னார் என்று கேட்காதே. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அது முட்டாள்தனம், துரோகமில்லை. ஆனால் நீ சொல்லவில்லை, ஹோபர்ட். ஒலீட்டாவையும் பிள்ளைகளையும் தெருவில் நிற்க வைத்துவிட்டு எனக்கு வேலை அதிகம், கார் பழுது என்று கதை எழுதினாய்.

நீ தட்டும் வரை இனி நான் எழுதமாட்டேன்.

வெர்ஸி, வலப் பாதி


டெட்ராய்ட்
7 செப்டம்பர் 1958

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் அவர் தாளும் கையுமாக இருந்தார். பதில் எழுத உட்கார்ந்தார், கிழித்தார், உட்கார்ந்தார், கிழித்தார். குப்பைக் கூடையில் நான் பார்த்த தாளிலெல்லாம் "அன்புள்ள அக்காவுக்கு" மட்டும்தான் இருந்தது.

வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவரைக் காணவில்லை. உங்கள் அப்பாவின் சுத்தியலையும் காணவில்லை. மேஜையில், "ஒலீட்டா, சோள ரொட்டி சாப்பிடப் போறேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது அண்ணி, எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அவர் நெஞ்சு இருக்கும் நிலையில் பஸ் பிடித்து, அங்கிருந்து ஏழு மைல் நடக்க வேண்டும். வந்து சேர்ந்தாரா? உடனே எழுதுங்கள்.

ஒலீட்டா


அர்டீலியா
14 செப்டம்பர் 1958

அன்புள்ள ஒலீட்டாவுக்கு,

மூச்சை விடு. உன் ஆள் வந்தாச்சு.

போன வாரம் சனிக்கிழமை காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சுவரில் டொக் டொக். அந்தப் பக்கம் இப்போது களையைத் தவிர ஒன்றுமில்லை, மரங்கொத்தியாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடியும் டொக் டொக். பள்ளம் இருக்கும் அதே இடத்தில். மாவுக் கையோடு அப்படியே நின்றேன். அடுப்புக் கம்பியை எடுத்தேன், ஆனால் தட்டவில்லை. நிற்கட்டும் என்று ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினேன். பொய் சொல்வானேன், நாற்பதிலேயே தட்டிவிட்டேன்.

"யாரு?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"இடப் பாதிக்காரன்."

"இடப் பாதி எங்க இருக்கு?"

முதலில் இருமல் கேட்டது. அப்புறம், "கட்டணும்க்கா" என்றான்.

நான் கதவைத் திறக்கவில்லை. இன்னும் ஒன்று வர வேண்டியிருந்தது. அவனுக்கும் அது தெரியும். பலகைக்கு வாயை வைத்துப் பேசினான், மூச்சு வாங்குவது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"வித்துட்டேன்க்கா. உன்கிட்ட சொல்லல. டெல்மர் மாமா அன்னிக்கும் சொல்லல. ரெண்டு தடவையும் எனக்கு வாய் வரல. பயந்துட்டேன்."

"இப்ப வந்துச்சே, அது போதும். உள்ள வாடா" என்றேன்.

வந்தவன் ஒரு சட்டி பீன்ஸையும் ஐந்து துண்டு ரொட்டியையும் சாப்பிட்டான். ஒல்லியாகிவிட்டான், நீ சரியாகச் சோறு போடுவதில்லை என்று குறை சொல்ல நினைத்தேன், சம்பாதிக்கிறதும் நீ, சமைக்கிறதும் நீ என்பதால் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் படுக்க வைத்தேன், மூன்றாம் நாள் எழுந்துவிட்டான். கம்பெனியின் பழைய குதிரை லாயம் ஓடைப்பக்கம் சரிந்து கிடக்கிறதல்லவா, அதிலிருந்து கருங்காலி மாதிரி உறுதியான ஓக் பலகைகளை உருவி எடுக்கிறான். ஆர்வில் ப்ரூயிட்டிடம் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார், முட்டுக் கொடுப்பது அவர், ஆணி அடிப்பது உன் புருஷன், இருவரையும் திட்டுவது நான். பனி விழுமுன் ஓர் அறையும் ஒரு கூரையும் எழும்பிவிடும். நேற்று ப்ரூயிட்டின் லாரி அந்தப் பக்கமாக வந்தது. தலையை வெளியே நீட்டி, "என்ன கட்டுறீங்க?" என்று கேட்டான்.

ஹோபர்ட் ஏணியில் இருந்தபடியே, "நீ மறந்துட்டுப் போன அரை அங்குலத்த வச்சுக்கிட்டு, மிச்சத்த கட்டுறோம்" என்றான். பழைய வாய் திரும்பிவிட்டது, ஒலீட்டா.

அவன் நெஞ்சு நல்லாயில்லை. மறைக்கமாட்டேன், இந்த வீட்டில் இனி யாரும் எதையும் மறைக்கக் கூடாது. உன்னை வேலையை விட்டு வா என்றும் சொல்லமாட்டேன், அந்தச் சலவைக் கடைதான் இப்போது உலை வைக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்குக் கூட்டி வா. அவர்கள் நின்று அளந்த இடம் சுவரில் அப்படியே இருக்கிறது, புதுக் கோடு போட வேண்டும். தபால்காரர் என்ன சொன்னாலும் உறையில் அர்டீலியா என்றே எழுது.

மாலையில் வேலை முடிந்து அவன் தன் பக்கம் போய் முதலில் செய்வது சுவரைத் தட்டுவதுதான். கூரைகூட இல்லாத இடத்தில் நின்று தட்டுகிறான். நானும் தட்டுகிறேன்.

கர்த்தர் உங்களைக் காப்பார்.

இப்படிக்கு
வெர்ஸியும் ஹோபர்ட்டும்
61ஆம் எண் வீடு
அர்டீலியா